பின் பிரேக்கும் எங்கள் வீட்டுத் தீர்த்தமும்

1

தேரன்று எங்கள் காருக்கு விடுமுறை. பாரிசில், ரூ பஜோல் தெருக் கோயிலில் இருந்து பிள்ளையார் புறப்படும் ஞாயிறு, விடியற்காலையே தெருக்களுக்குக் குறுக்கே இரும்புத் தடுப்புகள் வந்துவிடும். வாகனம் எதுவும் உள்ளே வராது, வெளியே போகாது. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் அடியில், இரண்டாவது நிலவறையில், நாற்பத்தேழாம் இலக்கப் பெட்டியறைக்குள் அது படங்கு போர்த்துக்கொண்டு நிற்கும்.

மேலே தேர் போகும்போது நான் ஒரு தடவை கீழே இறங்கிப் போயிருக்கிறேன். இரண்டு தளக் கொங்கிறீற்றைத் தாண்டி நாதஸ்வரம் வராது. தவில் மட்டும் வரும். அதுவும் சத்தமாக அல்ல. காரின் கூரையில் கை வைத்தால் உள்ளங்கைக்குள் ஒரு நடுக்கமாக. தண்ணீருக்கு அடியில் நின்று திருவிழாக் கேட்பது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் தேருக்கு மறுநாள் தீர்த்தம். எங்கள் கோயிலில் சுவாமி கடலுக்குப் போவார், நாங்கள் பின்னால் போவோம். பாரிசுக்குக் கடல் கிடையாது. ஆகவே தேருக்கு அடுத்த ஞாயிறு நாங்களே ஒரு தீர்த்தம் வைத்துக்கொண்டோம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, டியெப் என்ற கடலோர ஊருக்குப் போவோம். அது கூழாங்கல் கரை, காலை உறுத்தும். என் மனைவி சாந்தினி செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை இறங்கி, மூன்று கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வாள். அவ்வளவுதான். பிறகு புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். மகள் மதுரா பிறந்த வருடத்தில் தொடங்கி ஒரு வருடமும் விட்டதில்லை.

அது மூன்று வருடத்துக்கு முன் நின்றுபோனது. ஏன் நின்றது, எப்படித் திரும்ப வந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

2

காரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அமெரிக்கக் கார். 1968ஆம் ஆண்டுத் தயாரிப்பு. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், நீண்ட மூக்கு, கடும் நீலம். பெயரை எழுதினால் ஊரிலும் கனடாவிலும் இருக்கும் மச்சான்மார் விலை கேட்டு அழைப்பார்கள், ஆகவே எழுதவில்லை. பாரிசுக்கு வெளியே, செவ்ரானில் ஒரு வீட்டு முற்றத்தில், வளர்ந்த புல்லுக்குள் அதைக் கண்டேன். ரயில் ஜன்னலில் இருந்து பார்த்தால் ஒரு நீல மூலை மட்டும் தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தவன், ஒரு நாள் இறங்கிப் போய் மணியை அழுத்தினேன்.

சாந்தினி அதற்கு வைத்த பெயர் 'உங்கட நீலச் சக்களத்தி'. அப்போது அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நான் சென் தெனியில் ஒரு வாகன உதிரிப்பாகக் களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். எந்தத் தட்டில் எந்தப் பெட்டி என்பது என் பொறுப்பு. பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. காருக்கு ஒரு நாட்குறிப்புக் கொப்பி வைத்திருக்கிறேன். போன இடம், நேரம், தூரம், காலநிலை, கேட்ட சத்தங்கள். ஒரு நாளும் தவறியதில்லை.

மூன்று வருடத்துக்கு முந்திய அந்தத் தீர்த்த ஞாயிறு, நானும் சாந்தினியும் முன்னால், மதுரா பின்னால். டியெப்புக்குள் இறங்கும் நீண்ட சரிவில் மழை தொடங்கியது. முன்னால் போன வான் வண்டி சடுதியாக நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். பின்சில்லுகள் இரண்டும் சுழலாமல் பூட்டிக்கொண்டன. அதன் பிறகு எல்லாம் மிக மெதுவாக நடந்ததுபோல் இருக்கிறது. காரின் வால் எங்களை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. முன்கண்ணாடியில் கடல் தெரிந்தது, பிறகு ஒரு வெள்ளைச் சுவர், ஒரு வீட்டின் பூச்சாடி, பிறகு நாங்கள் வந்த தெரு, மறுபடியும் கடல். ஒருவரும் கத்தவில்லை. பின்மூலை தெருவோரக் கல்லில் இடித்து நின்றோம்.

அன்று நான் கொப்பியில் எழுதியது இது: 'டியெப் சரிவு. 9.50. மழை. பின்சில்லுகள் பூட்டின. பின் வலது மூலை, பம்பர் நெளிவு 9 செ.மீ. விளக்குக் கண்ணாடிக்குச் சேதமில்லை. கடலில் இறங்கவில்லை.'

அடுத்த வருடம் தீர்த்தத்துக்குச் சாந்தினி வரவில்லை. வயோதிபர் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. அந்த ஞாயிறு தனக்கு வேலை என்றாள். அதற்கடுத்த வருடமும் வேலை. நான் தனியே போய், கரையில் நின்று, சப்பாத்து நனைந்து திரும்பி வந்தேன். கொப்பியில் அதுவும் இருக்கிறது. அவள் பயந்துவிட்டாள் என்றுதான் எண்ணியிருந்தேன்.

3

மதுராவுக்கு இப்போது இருபத்தாறு வயது. லியோனில் வேலை. மாதத்தில் இரண்டு தடவை பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இரண்டு தண்டவாளம் மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் ஓடும், முட்டாது. 'சா வா, பப்பா', நலம்தான் அப்பா, என்பதற்குள் எத்தனை விதமான பதில்கள் இருக்கின்றன என்று நான் இப்போது ஓரளவு கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும்.

போன மாசி மாதம், அம்மா இன்னும் பயப்படுகிறாள் போல, ஒரு காருக்கு இவ்வளவு பயமா என்று நான் சொன்னபோது அவளுக்குத் தமிழ் வந்தது.

"அப்பா, அம்மாக்குப் பயம் எண்டு ஆர் சொன்னது? அண்டைக்கு இறங்கி முதல் எங்கை போனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கா?"

"எங்கை போனனான்?"

"பின்னாலை. குனிஞ்சு பம்பரைத் தடவினீங்கள். நான் பின் சீற்றிலை இருந்து பாத்துக்கொண்டு இருந்தனான். அம்மாட்ட ஒண்டும் கேக்கேல்லை."

"நீங்கள் ரெண்டு பேரும் நல்லாத்தானே இருந்தனீங்கள்."

"பெல்ட் இழுத்து அம்மான்ர தோள் ரெண்டு கிழமை கறுத்துப்போய்க் கிடந்தது. நீங்கள் எங்கயாவது எழுதி வைப்பீங்கள் எண்டு கொப்பியை எடுத்துப் பாத்தவ. ஒம்பது சென்ரிமீற்றர் எண்டு கிடந்துதாம்."

நான் கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. விளக்குக் கண்ணாடிகூட இருந்தது. அவள் இல்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு சிக்கலான காரியம் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த வழியில் தொடங்கினேன். அந்தக் கார் இனி ஒருபோதும் வாலைத் தூக்காதபடி செய்வது.

4

பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னுக்குச் சாயும். பின்பக்கம் இலேசாகிவிடும். பழைய அமெரிக்கக் கார்களின் பின்சில்லில் இருப்பது ட்ரம் பிரேக். இரும்புச் சட்டிக்குள் இரண்டு கட்டைகள் விரிந்து உரசும் அமைப்பு. ஒரு அளவுக்குமேல் மிதித்தால் அது தானாகவே இன்னும் இறுக்கிக்கொள்ளும். இலேசான சில்லு உடனே பூட்டிக்கொள்ளும். என் காரில் இன்னொரு குறையும் இருந்தது. குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷொக் அப்சோபர்களின் மேல்முனையைத் தாங்கும் றப்பர்கள் மாவாய்ப் போய், துளைகள் முட்டை வடிவமாகியிருந்தன. ஆகவே பின்அச்சு துள்ளிக்கொண்டே இருந்தது. துள்ளுகிற சில்லுக்குத் தெருவின் பிடி இல்லை.

தீர்மானித்தது இவை: பின்னுக்கு டிஸ்க் பிரேக். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பருக்கு இடம் விட்டு ஷொக்கைத் தள்ளி வைக்கும் புதிய கீழ்த்தகடுகள். மேலே தடித்த இரும்பில் புதுத் தாங்கி, புது றப்பர். பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து வைக்க ஒரு சின்ன வால்வு.

பழைய கார் என்று பதிவான வாகனத்தில் இப்படி மாற்றம் செய்வதை அறிவிக்கவேண்டுமா என்று கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். ஆறு கிழமை கழித்து, என் கேள்வி தெளிவாக உள்ளதாகவும், அது தங்களுக்குரிய கேள்வி அல்ல என்றும் அழகான பிரெஞ்சில் பதில் வந்தது. அவர்கள் சொன்ன மற்ற அலுவலகம் என்னை முதலாவது அலுவலகத்துக்கு அனுப்பியது. மூன்றாம் முறை, கார்ப் பரிசோதனை நிலையத்துக்கே படங்களுடன் போனேன். அங்கே இருந்த பெண் படங்களைப் பார்த்துவிட்டு, "நன்றாக நிற்கும் கார் என்றால் எங்களுக்கும் நல்லதுதான், மிசியூ. முடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள், அளந்து பார்த்துச் சொல்கிறோம்" என்றாள்.

எங்கள் நிலவறையில் திருத்த வேலை செய்ய அனுமதி இல்லை. சென் தெனியில் காரைத் தூக்கும் மேடையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கராஜ் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை ஏழு முதல் பத்துவரை எடுத்தேன். துணைக்குச் சுதா வந்தான். கிளிநொச்சிக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். அங்கே உழவு இயந்திரம் திருத்தியவன், இங்கே லா ஷப்பலில் ஒரு ரெஸ்ரோறனில் சமைக்கிறான். அவன் கைகளில் எப்போதும் கொஞ்சம் மஞ்சள் இருக்கும்.

காரைத் தூக்கியதும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, இது காரில்லை, கப்பல். இதுக்கு பிரேக் போடுறதைவிட நங்கூரம் போடலாம்."

"பகிடி விடாமல் பதின்மூண்டாம் நம்பர் ஸ்பனரைத் தா."

"ஓம், தாறன். அதையும் கொப்பியிலை எழுதுங்கோ. ஏழு மணி பதினைஞ்சு நிமிசம், சுதா பகிடி விட்டான்."

5

மூன்று சனிக்கிழமைகளில் பூட்டும் வேலை முடிந்தது. ட்ரம் இரண்டும் இறங்கின. அச்சைச் சுத்தம் செய்து கறுப்புப் பூசினோம். அமெரிக்காவில் இருந்து வந்த பெட்டிகள் இரண்டு; ஒன்றில் ஓட்டுநர் பக்கம் என்றும் மற்றதில் பயணி பக்கம் என்றும் எழுதியிருந்தது. நான் முன்கூட்டியே கொப்பியில் காரை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, எந்தப் பெட்டி எந்தச் சில்லுக்கு என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்தேன். அதன்படி பூட்டினோம்.

சுதா ஒரு தடவை கேட்டான், "அண்ணை, இந்தக் காத்து எடுக்கிற திருகு கீழை பாத்துக்கொண்டு நிக்குது. மேலை அல்லோ நிக்கவேணும்?"

"படத்திலை அப்பிடித்தான் கிடக்கு," என்றேன்.

"அப்ப சரி. நீங்கள் கீறினால் சட்டம்."

ஷொக்கும் எதிர்பார்த்ததைவிடச் சாய்ந்து நின்றது. 'புதிய அமைப்பு, சாய்வு அதிகம்' என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு பிரேக் ஒயில் ஊற்றிக் காற்று எடுக்கத் தொடங்கினோம்; குழாய்க்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. நான் உள்ளே இருந்து மிதிப்பேன், சுதா கீழே திருகைத் திறந்து மூடுவான். "மிதியுங்கோ." "மிதிச்சிட்டன்." "விடுங்கோ." "விட்டன்." ஒரு போத்தல் ஒயில் போனது, இரண்டு போனது. மிதிகட்டை நனைந்த பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டே போனது. அடுத்த சனியும் அப்படித்தான். அதற்கடுத்த சனியும்.

அந்த நாட்களில் என் வலது கால் கனவிலும் மிதித்துக்கொண்டிருந்தது. ஒரு கனவு அடிக்கடி வந்தது. இருபது வயதில் மாமா வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் காரில் ஓடப் பழகியவன் நான். கனவில் அதே காரில் காரைநகர்ப் பாலத்தால் போகிறேன். இரண்டு பக்கமும் தண்ணீர், கண்ணுக்கு எட்டியவரை மட்டமான நிலம். மாமாவின் காரில் பிரேக் அரைவாசிதான் இருந்தது, அது ஒருவருக்கும் குறையாகத் தெரியவில்லை. காலை எடுத்தால் கார் தானாக நிற்கும். யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது சரிவு? முப்பது வயதுக்குப் பிறகுதான், இந்த நாட்டில்தான், ஒரு வாகனம் நாம் கேட்காமலே ஓடக்கூடும் என்பது எனக்குத் தெரியவந்தது. கனவில் பாலம் மெல்ல மெல்ல முன்பக்கம் சாயத் தொடங்கும். நான் மிதிப்பேன். பஞ்சு.

தேருக்கு இரண்டு கிழமை இருந்தது. இந்த வருடத் தீர்த்தமும் போய்விடும் என்று நினைத்தேன். நாலாவது வருடமும் சேர்ந்து கடலில் இறங்காவிட்டால், அது நாங்கள் ஒரு காலத்தில் செய்த ஒன்றாகிவிடும்.

6

ஒரு ஞாயிறு பின்னேரம், குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். சாந்தினி தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். இந்த வேலை தொடங்கி அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"இஞ்சாருங்கோ, சுதா சொன்னவன். காத்துப் போகேல்லையாம்."

"ஓம். எங்கையோ நிக்குது. கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு."

கொப்பியைத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இது ஆற்ற கார்?"

"என்ன கேள்வி? எங்கட கார்."

"எங்கட காரிலை ஸ்ரியறிங் இந்தப் பக்கமோ கிடக்கு?"

விரலை வைத்த இடத்தைப் பார்த்தேன். காரின் முன்பகுதியில் ஸ்ரியறிங்குக்கு ஒரு சிறு வட்டம் போட்டிருந்தேன். அது வலது பக்கத்தில் இருந்தது. அதன் நேர் பின்னால், வலது பின்சில்லுக்கு, 'ஓட்டுநர் பக்கம்' என்று அடித்தல் திருத்தல் இல்லாத என் எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தேன். இருபத்தேழு வருடமாக இந்த நாட்டில் இடப்பக்கம் இருந்துதான் கார் ஓடுகிறேன். ஒரு நாளும் கதவு மாறியதில்லை. ஆனால் கண்ணை மூடி ஒரு காரை வரையச் சொன்னால் என் கை கீறியது மாமாவின் ஒஸ்ரினை.

இடது கலிப்பர் வலப்பக்கம், வலது கலிப்பர் இடப்பக்கம். ஆகவேதான் காற்றுத் திருகு கீழே பார்த்தது. ஒயிலுக்குள் காற்று மேலேதான் நிற்கும்; கீழே எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் வராது. தகடுகளும் மாறித்தான் இருந்தன, ஆகவேதான் அந்தச் சாய்வு.

சாந்தினி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமல் சிரித்தாள்.

"ஒம்பது சென்ரிமீற்றர் எண்டு அளக்கத் தெரியுது. தான் எங்கை இருக்கிறனெண்டு தெரியேல்லை."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த எண்ணை அவள் வாயால் கேட்டதும் பாதியில் நின்றுவிட்டது. அவளும் நிறுத்திக்கொண்டாள். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"எல்லாம் மாத்திப் பூட்டினால், தீர்த்தத்துக்கு வருவீரோ?" என்று கேட்டேன்.

கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"நான் ஓடுறதெண்டால் வாறன்."

7

சுதாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "அண்ணை, உங்கட சட்டத்தைத் திருத்திப் போட்டா அக்கா" என்றான். அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி மாற்றிப் பூட்டினோம். திருகுகள் இப்போது மேலே பார்த்தன. ஷொக் இரண்டும் நேராக நின்றன. பத்தாவது மிதியில் கால் ஒரு இடத்தில் நின்றது. அதற்கு மேல் போகவில்லை. நிற்கிறது என்று நான் சொல்ல, சுதா கீழே இருந்து, "கல்லு!" என்று கத்தினான். பரிசோதனை நிலையத்துப் பெண் அளந்து பார்த்து, இரண்டு பக்கமும் சமன் என்று எழுதித் தந்தாள்.

தேர் போனது. தேங்காய்த் தண்ணீர் தெருவெல்லாம் ஓடிக் காய்ந்தது. அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு நிலவறைக்குப் போனோம். நான் படங்கை எடுத்து மடித்தேன். சாந்தினி இடப்பக்கக் கதவைத் திறந்து இருந்தாள், சீற்றை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். வேலைக்காக அவள் தினமும் சிறிய கார் ஒன்றை ஓடுகிறாள். ஆனால் இந்தக் காரின் அந்தப் பக்கத்தில் அவள் இருந்ததை நான் கண்டதில்லை.

நான் சுற்றிப் போய் வலப்பக்கம் ஏறினேன். என் கை அத்தனை உறுதியாக ஓட்டுநர் பக்கம் என்று கீறி வைத்த பக்கம். அங்கே ஸ்ரியறிங் இல்லை. மிதிகட்டை இல்லை. காலுக்குக் கீழே ஒரு கம்பளம் மட்டும் இருந்தது.

நிலவறையின் ஏற்றத்தால் வெளிச்சத்துக்கு வந்தோம். கோயிலைத் தாண்டும்போது அவள் ஒரு கையை நெஞ்சில் வைத்து எடுத்தாள். ரயில் பாதைகளின் மேலாகப் போனோம். நகரம் முடிந்தது. கோதுமை வெட்டி முடிந்த வயல்கள், தூரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி, அதற்குமேல் பெரிய வானம். எஞ்சின் சத்தம் நீண்ட ஒரே சுருதியாக இருந்தது. கொப்பி என் மடியில் இருந்தது. அதைத் திறக்கவில்லை.

டியெப் சரிவு வந்தது. மழை இல்லை. கீழே கடல் தகடு மாதிரிக் கிடந்தது. கார் இறங்கத் தொடங்கியது. என் வலது கால் தானாகக் கம்பளத்தை அழுத்தியது. வெள்ளைச் சுவர் வந்தது. பூச்சாடி வீடு வந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. "மெதுவா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லக்கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். இந்த இருக்கையில் இருந்து பார்த்தால் சரிவு இவ்வளவு செங்குத்தானது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிடிக்க ஒன்றும் இல்லை. மற்றவருடைய காலை நம்பிக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

சாந்தினி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பின்னால் வாகனம் எதுவும் வரவில்லை. அந்தத் தெருவோரக் கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தாள்.

பெல்ட் என் தோளைப் பிடித்து இழுத்தது. காரின் மூக்கு தாழ்ந்தது. வால் அசையவில்லை. கோடு கீறியதுபோல் நேராக நின்றோம். கடல் கண்ணாடியின் நடுவில் அப்படியே இருந்தது.

அவள் இறங்கவில்லை. பின்னால் பார்க்கவும் இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு ஒண்டும் ஆகேல்லையே?"

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு கேட்டேன்:

"அண்டைக்கு உமக்கு நொந்ததோ?"

"ஓம்," என்றாள். "நல்லா நொந்தது."

பிரேக்கில் இருந்து காலை எடுத்தாள். கார் கடலை நோக்கி மெல்ல உருளத் தொடங்கியது. என் கால் இன்னும் கம்பளத்தை மிதித்தபடிதான் இருந்தது.